விளக்கு வாங்குமுன்

வெள்ளவத்தை

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. நேரம் தவறாமல் சொட்டு மருந்து விடுவது நீதான் என்று தங்கச்சி சொன்னாள். நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, சரி, நம்பிவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவளுக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது, அதனால் வீட்டில் டிவி ஊமை.

இனி உன் கடல்மீன் தொட்டிக்கு வருகிறேன். மீன் மட்டும் வைத்திருந்தது போதும், முருகை (பவளம்) வளர்க்கப் போகிறேன், கொழும்பில் மலிவாக என்ன விளக்கு கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். விளக்கு இருக்கட்டும், எந்த முருகை என்று முதலில் முடிவெடு. மீன்தொட்டியில் விளக்கு நம் கண்ணுக்காக. முருகைக்கு அதுதான் சாப்பாடு. அதன் உடலுக்குள் இருக்கும் நுண்பாசி ஒளியைக் கொண்டு செய்கிற உணவில்தான் அது பெரும்பாலும் சீவிக்கிறது. அந்தப் பாசிக்குப் பயன்படக்கூடிய ஒளி எவ்வளவு விழுகிறது என்பதை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். காளான் முருகை, ஸோவாந்திட், லெதர் மாதிரி மென்முருகைகளுக்கு 50 முதல் 150 வரை தாராளம். கிளை விட்டு வளரும் அக்ரோபோராவுக்கு 250க்கு மேல் வேண்டும். செலவு எங்கேயோ போய் நிற்பது அந்த இடைவெளியில்தான். அதோடு அக்ரோபோரா மாதிரிக் கல்முருகைகள் இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. நிலாவெளியிலிருந்து முருகைகள் உள்ள புறாத்தீவு கூப்பிடு தூரம் என்பதற்காக ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதே.

ஆகவே மென்முருகை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பழைய ஆட்கள் மெட்டல் ஹேலைட் என்ற சூடான பெரிய பல்பைத்தான் புகழ்வார்கள். வெயில் தண்ணீருக்குள் நெளிவது போன்ற அந்த அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் நாலடித் தொட்டிக்கு 250 வாட்டில் இரண்டு வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம் எரித்தால் மாதம் 135 அலகு. வீட்டுப் பாவனை 180 அலகைத் தாண்டினால் ஆகக் கூடிய கட்டணப்படி என்பது உனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தலையிடி சூடு. முருகைத் தொட்டி 25, 26 பாகையில் நிற்க வேண்டும். நம் அறையே 30. மேலே ஹேலைட் எரிந்தால் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்காமல் தப்ப முடியாது, அதற்கும் கரண்ட். 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவ முருகைகள் வெளுத்துப்போனதே, உள்ளே இருந்த பாசியைச் சூடு தாங்காமல் வெளியே தள்ளியதால்தான் அது. தொட்டிக்குள்ளும் அதே கதைதான்.

டி5 என்ற மெல்லிய குழாய் விளக்கு மோசமில்லை. ஒளி சமமாகப் பரவும். 54 வாட் நாலு போட்டால் மாதம் 58 அலகு. ஆனால் வருசத்துக்கு ஒருதரமாவது குழாய் மாற்ற வேண்டும். அந்த நீலக் குழாய்களை இங்கே தேடிப் பிடிப்பது ஒரு தனி வேலை.

மிஞ்சுவது எல்ஈடி. கறுப்புப் பெட்டி மாதிரி வரும் சீனச் சாமானைத்தான் சொல்கிறேன். அட்டையில் 165 வாட் என்றிருக்கும். 55 குமிழ், ஒன்று 3 வாட் என்று பெருக்கிப் போட்ட கணக்கு அது. உண்மையில் இழுப்பது நூறு, நூற்றிச் சொச்சம். வெள்ளைக்கு ஒரு திருகி, நீலத்துக்கு ஒரு திருகி என்று பிரித்திருப்பதை மட்டும் எடு. ஒன்று இரண்டடிக்குத்தான் காணும், உனக்கு இரண்டு வேண்டும். நீலத்தைப் பாதியிலும் வெள்ளையை அதற்குக் கீழேயும் வைத்தால் இரண்டும் சேர்ந்து 100 வாட் அளவில் நிற்கும், மாதம் 27 அலகு. கடைக்காரர் லூமன் கணக்குக் காட்டினால் தலையாட்டிவிட்டு வா. லூமன் மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்று பார்க்கிற அளவு, பச்சையைத்தான் கூட எண்ணும், நீலத்தைப் பெரிதாக எண்ணாது. முருகைக்குத் தேவையானதோ 420 முதல் 480 நனோமீற்றர் வரையிலான நீலம்.

கை இறுக்கமாக இருந்தால், புறக்கோட்டையில் விற்கும் 50 வாட் ஃப்ளட் லைட் வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. மென்முருகை அதிலும் வளரும். நிறம்தான் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். எதை வாங்கினாலும் தண்ணீருக்கு ஓர் அடி மேலே தொங்கவிடு. வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி எடு, ஒழுகும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அமத்திப் பார். உப்புத்தண்ணீரும் கரண்டும் விளையாட்டில்லை. முதலில் கால்வாசி ஒளியில் தொடங்கி, கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டு. ஒளி குறைந்தால் முருகை வாடும், அதற்குள் நீ சரிசெய்துவிடலாம். திடீரென்று கூடினால் இரண்டு நாளில் வெளுத்துவிடும்.

2022 மாதிரிக் கரண்ட் வெட்டு திரும்ப வந்தால் என்ன செய்வது என்று யோசிப்பாய். விளக்கு ஓரிரு நாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. பற்றரி வாங்கக் காசிருந்தால் காற்றுப் பம்புக்கு வாங்கு.

இன்னொன்று. முந்தி மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தபோது செம்பு மருந்து விட்டாயா? அது கல்லிலும் மணலிலும் ஊறியிருந்தால் எந்த விளக்கும் முருகையைக் காப்பாற்றாது. அந்த வண்ணாத்திப்பூச்சி மீனையும் யாருக்காவது கொடுத்துவிடு, முருகையை அது கொத்தித் தின்னும்.

தொட்டியின் உயரத்தை அளந்து எழுது. ஒன்றரை அடிக்குள் என்றால் நான் சொன்னதே போதும். மைத்துனர் அடுத்த மாதம் திருகோணமலை வருகிறார், அதற்குள் சொன்னால் வாங்கி அவரிடம் கொடுத்துவிடுகிறேன். காசைப் பிறகு பார்க்கலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரமணன்