மூக்கடைப்பு மாத்திரையும் இரத்தக் கொதிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் வந்து, சருகெரிக்கும் புகையும் தூசியும் சேர்ந்துகொண்டால், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காலையில் தும்மல் கேட்காத வீடு குறைவு. இம்முறை என் மூக்கும் அடைத்துக்கொள்ள, பக்கத்து வீட்டு அண்ணன் தம்மிடம் மிஞ்சியிருந்த ஓர் அட்டை மாத்திரையை அன்போடு கொடுத்தார். லோராட்டாடின் 5 மில்லிகிராமும் சூடோஎபெட்ரின் 120 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை அது. மூக்கு திறந்துகொண்டது உண்மை. ஆனால் இரவு முழுதும் நெஞ்சு படபடத்தது; வழக்கமாக 130ஐ ஒட்டி நிற்கும் என் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு காலையில் 168 காட்டியது.

நான் இரத்தக் கொதிப்புக்குப் பத்து ஆண்டுகளாக மருந்து உண்பவன். அரசாங்க கிளினிக்கில் விளக்கிய பிறகே விவரம் புரிந்தது. தும்மலையும் அரிப்பையும் மூக்கு ஒழுகலையும் அடக்குவது லோராட்டாடின். அடைப்பை நீக்குவதோ, மூக்கினுள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும் சூடோஎபெட்ரின். விழுங்கிய மருந்து மூக்கோடு நிற்குமா? உடலெங்கும் உள்ள குழாய்களையும் அது சுருக்குவதால் அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளவும் கூடும். இதய நோய், கண் அழுத்த நோய், தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது. வெறும் தும்மல் மட்டும் என்றால் லோராட்டாடின் தனியாகவே போதும். வாரக்கணக்கில் நீடிக்கும் அடைப்புக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் இருக்கிறது.

தவறு முதலில் என்னுடையதுதான். பிறர் மருந்தை வாங்கி உண்டிருக்கக் கூடாது. ஆயினும் ஒரு வேண்டுகோள். சூடோஎபெட்ரின் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், மருந்தகத்தில் மருந்தாளர் கையால்தான் அது விற்கப்பட வேண்டும். விற்பனையும் பதிவாக வேண்டும். இதிலிருந்து சியாபு என்னும் போதைப்பொருளைக் காய்ச்சுவோர் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. பெயரை எழுதும் அந்த அரை நிமிடத்தில், "இரத்தக் கொதிப்பு இருக்கிறதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? தோட்டத்து முதியவர்கள் பலருக்கு உறையில் உள்ள ஆங்கில எழுத்து புரிவதில்லை. ஆகவே, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கான எச்சரிக்கையை மலாயிலும் தமிழிலும் மருந்துப் பையின் மீது ஒட்டித் தருமாறு எங்கள் பட்டண மருந்தகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்