வடிகட்டிக்காரனுக்கு

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக உனக்கு எழுதவில்லை. வீட்டில் அனைவரும் நலம். இப்போதும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். காரணத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காதே.

எங்கள் ஒரு நியூட்டன் உந்துபொறி தோற்றுவிட்டது. நூறு கிராம் எடையளவு தள்ளலுக்கா இத்தனை பேர் என்று பெரியவர் இன்னமும் கேலி செய்கிறார். செயற்கைக்கோள் தன் இடத்திலிருந்து விலகாமலிருக்க அந்தத் தள்ளலே போதும் என்று நானும் இன்னமும் பதில் சொல்கிறேன். சோதனையில் துடிப்புக்குத் துடிப்பு உந்துவிசை குறைந்துகொண்டே வந்தது. ஹைட்ரசீன் எரிபொருளைச் சூடான வாயுவாக்கும் வினையூக்கிக் குருணைகளின் படுகை குளிர்ந்திருந்தபோதே அதைப் பாய்ச்சியதால் குருணைகள் நொறுங்கியிருக்கும் என்று ஆறு வாரம் அவற்றையே திட்டினோம். அறுத்துப் பார்த்தால் இரிடியம் பூசிய அந்த அலுமினாக் குருணைகள் முழுதாக இருந்தன. அவற்றுக்கு முன்னாலுள்ள நுண்குழாயில், முப்பரிமாண அச்சில் உருகாமல் தங்கிய உலோகத் துகள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. குழாய் சுத்தமாக உள்ளது என்று கையெழுத்திட்டவன் நான்.

நாசா 2022 டிசம்பரில் அனுப்பிய லூனார் ஃப்ளாஷ்லைட் அன்றிலிருந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறது. நிலவின் தென்துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி தேடச் சென்ற அந்தச் சிறு கலத்தின் நான்கு உந்துபொறிகளில் மூன்று போதிய விசை தரவில்லை. அச்சிட்ட எரிபொருள் பாதையில் துகள் அடைத்திருக்கலாம் என்பதே அவர்களுடைய சந்தேகமும். கலத்தைச் சுழலவிட்டு எஞ்சிய ஒன்றைக் கொண்டு சமாளிக்க முயன்றார்கள், அதுவும் தளர்ந்தது. அழுத்தத்தைக் கூட்டி அடைப்பை நீக்கப் பார்த்தும் பலனில்லாமல் 2023 மே மாதம் பணியை முடித்துக்கொண்டார்கள். நான் மேசைமேல் வைத்து அறுத்துப் பார்த்ததை அவர்களால் அறுத்துப் பார்க்க முடியாது, சேகர்.

பொறியின் நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிறது, சுவர்ப்பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆகவே கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெப்பத்தை உறிஞ்சும் சுவர் இருமடங்காகிவிடுகிறது. வாயு வெளியேறும் நாசிலின் சுவரையொட்டி மெதுவாக நகரும் வாயுப்படலமும் தன் பங்குக்கு உந்துவிசையைத் தின்கிறது. இவையெல்லாம் கணக்கில் வந்தவை, அவற்றுக்கு ஈடு செய்துவிட்டோம். பொறியைச் சுருக்கினாலும் தூசி சுருங்காது என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. பெரிய எந்திரம் விழுங்கிவிடும் துகள் இங்கே பாறாங்கல்.

இருபது ஆண்டுகளாக உன்னை வடிகட்டிப் பைத்தியம் என்று அழைத்தவன் இப்போது உன்னிடமே கேட்கிறேன். தொட்டியின் வாயில் வடிகட்டி வைத்திருந்தோம். துகளோ அதற்குக் கீழே, அச்சிட்ட துண்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வால்வுக்குச் சற்று முன்னால் இன்னொன்றைச் செருகினால் அழுத்தம் எவ்வளவு இறங்கும், கண்ணி எத்தனை மைக்ரான் இருக்கலாம் என்பதை எழுது. அடுத்த சோதனைக்கு மூன்று வாரமே இருக்கிறது. திட்டுவதையெல்லாம் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
ராகவன்