அவர்கள் ஏன் விற்றார்கள்?

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் புதிதாக வாங்கிய வீடு காற்றோட்டமாக இருக்கிறது, விலையும் நியாயமாகவே அமைந்தது என்று நான் சொன்னபோது, "அப்படியானால் அவர்கள் ஏன் அதை விற்றார்கள், அப்பா?" என்று கேட்டாய். பத்திரம் பதிவானதிலிருந்து எனக்குள்ளும் இருந்துவரும் கேள்விதான் அது. தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வராததால் எழுதுகிறேன்.

கடன், மரணம், மணமுறிவு, வேலை மாற்றம், உடன்பிறந்தோருக்குள் பாகப்பிரிவினை என்று விற்பவரின் வாழ்க்கையில் இருக்கும் காரணங்கள் அவரோடு போய்விடும். சுவரிலும் நிலத்திலும் தண்ணீரிலும் இருக்கும் காரணங்கள் வாங்கியவரிடம் தங்கிவிடும். ஆகவே முதலில் வீட்டையே விசாரிக்கத் தொடங்கினேன்.

கிணற்று நீரைத்தான் நான் முதலில் எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் உரமிடும் வயல்களும், வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டியும் இருக்கும் இடத்தில் நீர் தெளிவாக இருப்பதை நம்பிக் குடிக்க முடியாது. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்புக்கு நிறமோ மணமோ இல்லை. குடிநீரில் அது லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதற்கு மேல் போனால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், ஆனால் நீர் ஆவியாகிக் குறைவதால் நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை குழந்தைக்கு இந்தக் கிணற்று நீரில் பால் கலக்கக் கூடாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் ஒரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். களிமண் நிலம் கோடையில் சுருங்கி மழையில் விரிவதால் வரும் மெல்லிய விரிசலுக்காக யாரும் வீட்டை விற்க மாட்டார்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தால் மட்டும் அடித்தளத்தைப் பார்க்க ஆள் அழைக்க வேண்டும். அருகில் ஓடும் ஓடையில் வெள்ளம் வருமோ என்றும் யோசித்தேன். நூறு ஆண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்வது, எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தை. 30 ஆண்டுகள் ஒரே இடத்தில் வாழ்பவர் அதை ஒருமுறையேனும் சந்திப்பதற்கு ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. நம் வீடு ஓடையைவிட நன்றாக உயர்ந்த மேட்டில் இருப்பதால், இந்தக் காரணத்தையும் ஒதுக்கிவிட்டேன்.

பேய் வீடாக இருக்குமோ என்று உன் தம்பி கேட்டான். அதையும் நான் தள்ளிவிடவில்லை. 1991இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாகத் தானே ஊரறியச் சொல்லிவந்த ஒருவர் அதை மறைத்து வீட்டை விற்றபோது, வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று தீர்ப்பளித்தது. எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் வீட்டின் பேரில் ஊரில் நிலவும் பேச்சைச் சுவரைத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது என்ற அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே அக்கம்பக்கத்தாரிடம் பேசினேன். இந்த வீட்டைப் பற்றி யாரும் தயங்கியோ குரலைத் தாழ்த்தியோ பேசவில்லை.

என் ஐயத்தைத் தூண்டியது கீழ்த்தள அறையை ஒட்டிய நடைக்கூடச் சுவர்தான். அதன் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று உப்புப் பூக்கும் என்பதால், ஈரத்தை மறைத்திருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் மழைக்குப் பின்னும் சுவர் உலர்ந்தே இருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது, வண்ணத்துக்கு அடியில் ஒரே உயரத்தில் நீளமான உராய்வுக் கோடுகள் தெரிந்தன. அதே உயரத்தில் கதவு நிலையிலும் மரம் தேய்ந்திருந்தது. குளியலறை வாசலை இடித்து அகலப்படுத்திய பூச்சும், பின்வாசல் படிகளின் மேல் போட்ட சிமெண்ட் சரிவும், கழிப்பறைச் சுவரில் இருந்த கைப்பிடியும் அதன் பிறகுதான் எனக்கு ஒன்றாகப் பொருள்பட்டன. யாரோ ஒருவர் இந்த வீட்டில் நெடுநாள் சக்கர நாற்காலியில் நடமாடியிருக்கிறார். மாடி அறைகளில் ஆணி அடித்த அடையாளம்கூட இல்லை. தோட்டத்தின் தொலைவுப் பாதி புதர் மண்டிக் கிடக்க, வாசலிலிருந்து சரிவு வழியாகப் போய்வரக்கூடிய பாதி மட்டும் கடைசிவரை பேணப்பட்டிருக்கிறது. அவர்கள் வெறுத்துப் போகவில்லை, மகளே. விட்டுப்போக மனமில்லாமல், முடிந்தவரை வீட்டைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இதை வீட்டின் குறை என்று சொல்ல முடியாது, அவர்களோடு போய்விட்ட காரணம் என்றும் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போகவும் மருந்து வாங்கவும் ஒவ்வொரு முறையும் வண்டி ஓட்டியே தீர வேண்டிய இடத்தில், ஓட்டுபவரின் கண்ணோ கையோ தளர்ந்தால் எவ்வளவு நல்ல வீடும் தாங்காது. அது உன் அம்மாவுக்கும் எனக்கும் வரும். வாங்குவதற்கு முன்பே இது தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன், ஏனென்றால் இங்கே வாழ்வதற்கு எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நீயும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விற்றவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஏன் விற்றீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவர்களை வருத்தக்கூடும். கோடையில் கிணற்று மட்டம் எவ்வளவு இறங்கும், கழிவுக் குழாய் எந்தப் பக்கமாகப் புதைந்திருக்கிறது, கூரை எங்கே ஒழுகியது என்றுதான் கேட்டிருக்கிறேன்.

சரிவையும் கைப்பிடியையும் அகற்றச் சொல்லி உன் அம்மாவிடம் கொத்தனார் யோசனை சொன்னார். வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். எந்த நிலை வந்தால் நாங்கள் இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதை, நீ வரும்போது மூவரும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுவோம். அதற்குள் இரவு நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் குறித்துவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா