கேக்குது, விளங்கேல்லை

கிளிநொச்சி

அன்பு மகன் தம்பிக்கு,

"அப்பா வட்சப்பில எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு மட்டும் சொல்லுறார், என்னில கோபமோ?" என்று கேட்டிருந்தாய். கோபம் ஒன்றுமில்லை. அது விளங்காமல் சொல்லுகிற ஓம். மூன்றாம் தரமும் "என்ன?" என்று கேட்க மனிசனுக்கு வெட்கம். கலியாணத்துக்கு நீ வரமுன்னம் இதை விளங்கி வைத்துக்கொள்.

சத்தம் அவருக்குக் கேட்கிறது, சொல்தான் பிரிபடுவதில்லை. உள்காதில் நத்தைச்சுருள் இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அதன் வாசலடியில் இருக்கும் மயிர்க்கலங்கள்தான் கீச்சு ஒலிகளைப் பிடிப்பவை. வயது போக முதலில் அழிவதும் அவைதான், திரும்ப முளைக்காது. பேச்சின் பலமெல்லாம் உயிரெழுத்தில், பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் (ஒலியின் கீச்சை அளக்கிற அலகு) கீழே. ச, ட, த, க என்று பிரித்துக் காட்டுகிற ஒலி 2000க்கு மேலே, அதுவும் மெல்லியதாக. "சட்டி எங்க?" என்றால் அவருக்கு "...ட்டி எங்க?" என்றுதான் விழும். சட்டியோ, கட்டியோ, தட்டியோ? விறாந்தையில் இருந்து கதைத்தால் மூளை ஊகித்து நிரப்பிவிடும். மண்டபத்தில் நூறு பேரின் கதையும் மேளமும் சேர, ஊகிக்க இருந்த துப்பும் மூடுபட்டுப் போகும். ஒரு குரல் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் அதை மற்றக் குரல்களிலிருந்து பிரிக்கிறோம். அந்த நுணுக்கமும் வயதோடு மங்கும். "தனக்கு வேண்டியது மட்டும் கேக்குதாம்" என்று சனம் சொல்லுகிறது சரியான அநியாயம்.

எங்கட ஆக்களுக்கு வயதோடு வேறும் சேர்ந்திருக்கு. லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்), தண்ணி இறைக்கிற மெஷின், 2009 வரைக்கும் செல்லடி. இப்படியான சத்தம் 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தை முதலில் தின்னும். வெடி அதிர்வில் செவிப்பறை கிழிந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் காதைப் பார்க்காமல் எண்ணெய் விடக்கூடாது. குடுமி (காது அழுக்கு) அடைத்திருக்கிறதா, பறை முழுசா என்று டொக்டர் பார்த்த பிறகுதான் ஒலிவ் எண்ணெய் இரண்டு மூன்று துளி. பஞ்சுக் குச்சி குடுமியை உள்ளுக்குத் தள்ளி இறுக்கும்.

நீ கத்தாதே. கத்தினால் உயிரெழுத்துத்தான் பெருக்கும், ச, த அப்படியே நிற்கும். இந்தக் காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூடினால் குத்தும். "ஏன் கத்துறாய்?" என்று அவர் சினப்பது அதனால்தான். கிட்டப் போ. வெளியில் இரண்டு மீற்றர் தூரத்தை ஒரு மீற்றராக்கினாலே சத்தம் 6 டெசிபல் கூடும். முகத்தில் வெளிச்சம் விழ நில், யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் வாய் தெரியாது. முதலில் பெயரைக் கூப்பிடு, பிறகு எதைப் பற்றிய கதை என்று சொல்லு, பிறகு விஷயம். விளங்காவிட்டால் அதே வசனத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லு.

மண்டபத்தில் அவரின் கதிரை ஸ்பீக்கருக்கு முன்னால் வேண்டாம். ஸ்பீக்கர் முதுகுப் பக்கம் தூரத்தில், கதைப்பவர் முன்னால். காது மெஷினின் மைக் முன்பக்கத்தைத்தான் கூடப் பிடிக்கும். ஃபானுக்குக் கீழேயும் இருத்தாதே, தகரக் கூரைக்குக் கீழே மழை வந்தால் கதையை விட்டுவிடு.

போனைப் பற்றி: பழைய தொலைபேசி முறை 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தும், ச, ஸ வின் மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும். நீ வீடியோவில் எடு, முகத்தைக் கமராவுக்கு நேரே வை.

காது மெஷின் காதைப் புதிதாக்காது, முதல் நாளே கலியாண வீட்டுக்குப் போட்டால் வெறுத்துவிடும். முதல் சில கிழமை வீட்டுக்குள் ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம், பிறகு கடைத்தெரு. கீச்சென்று கூவினால் காதுக்குள் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குடுமி. சத்தம் குறைந்தால் முதலில் நுனியில் கடுகளவு வெள்ளை வடியைப் பார், குடுமி அதில்தான் அடைக்கும். பற்றரியின் தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வை, பிறகு போடு. இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு டப்பாவில் மூடி வைப்பது. மாரியில் இதைத் தவறவிட்டால் ஈரம் தின்றுவிடும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வை: ஒரு காது திடீரென்று, ஒரு நாளில் மூன்று நாளில் அடைத்துப் போனால் அது வயது இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிந்தப் பிந்த மருந்து பிடிப்பது குறையும்.

வரேக்க பழுப்புத் தாள் 312 பற்றரி நாலு பெட்டி கொண்டு வா. செம்மஞ்சள் தாள் 13, அது இதுக்குப் பொருந்தாது. திகதியையும் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அம்மா