ஆர்.ஈ.எம். குழுவுக்கு விடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆர்.ஈ.எம். கலைந்துவிட்டதாக இம்மாதம் (செப்டம்பர் 2011) 21ஆம் தேதி அறிவித்தது. தமிழ் நாளிதழில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் வளர்ந்த என்னைப் போன்றவர்களின் அலமாரியில் இளையராஜா கேசட்டுகளுக்குப் பக்கத்திலேயே இவர்களுடைய கேசட்டும் இருந்தது. வேறு எங்கே எழுதுவேன்?

1991இல் இவர்களை உலகமெங்கும் கொண்டுபோனது ஒரு மாண்டலின் பாட்டு. கிட்டார் வாசிக்கும் பீட்டர் பக் அப்போதுதான் மாண்டலின் வாங்கிப் பழகிக்கொண்டிருந்தார். பழகும்போது கையில் வந்து விழுந்ததுதான் அந்த மெட்டு. எங்கள் வீட்டிலோ மாண்டலின் என்றால் ஸ்ரீநிவாஸ் ஒருவர்தான். வானொலியில் அந்தப் பாட்டு வந்தபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “கமகம் இல்ல, ஆனா கை சுத்தமா இருக்கே” என்றார். நான் கேட்ட ராக் பாட்டில் அவர் பாராட்டியது அது ஒன்றைத்தான்.

ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் சேர்ந்த நால்வர் இவர்கள். பாட்டு யாருக்குத் தோன்றினாலும் நான்கு பேர் பெயரையும் போட்டார்கள், வருமானத்தையும் பகிர்ந்துகொண்டார்கள். பெயருக்கும் பணத்துக்கும் அடித்துக்கொண்டு பிரிந்த குழுக்கள் எத்தனை! 31 ஆண்டுகள் இவர்கள் தாக்குப்பிடித்ததற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே டிரம்ஸ் வாசித்த பில் பெர்ரிக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. அறுவை சிகிச்சையில் பிழைத்து மீண்டும் மேடையேறினார். 1997இல் விலகி, விவசாயம் பார்க்கப் போனார். தான் போவதால் குழு கலையுமென்றால் போகவே மாட்டேன் என்று சொல்லித்தான் விடைபெற்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்ற மற்ற மூவரும் இன்னும் 14 ஆண்டுகள் ஓடினார்கள். ஐந்து ஆல்பம் தந்தார்கள்.

1997லேயே நிறுத்தியிருக்கலாம் என்று என் நண்பர்களில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஐந்தும் ஒரே தரமில்லைதான். ஆனால் டிரம்ஸ்காரர் இல்லாத வெறுமையை மூடி மறைக்காமல், அதையே இசையாக்கிய 1998ஆம் ஆண்டு ஆல்பத்தை இன்றும் நான் தேடிப் போட்டுக் கேட்கிறேன். மைக்கேல் ஸ்டைப்பின் குரல் அவ்வளவு அருகில் வந்து பேசியது அதில்தான். பின்னணியில் மைக் மில்ஸ் சேர்ந்து பாடும் இடங்களுக்காகவே அதை மறுபடி கேட்கலாம்.

சண்டையில்லை, வழக்கில்லை, நண்பர்களாகவே பிரிகிறார்கள். கொஞ்ச நாளில் பணத்துக்காகத் திரும்பி வருவார்கள் என்று இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. அப்படி வர வேண்டாம். நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. பில் பெர்ரியும் சேர்ந்து, அவர்களுக்கே ஆசை வந்து ஒரு நாள் வாசிப்பதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்; எந்த ஊரானாலும் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்