முதல் சக்கரம் உருளும் முன்: பொதுத் தரைப் பாதுகாப்புத் தொகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கல்லறைத் தோட்டத்திலோ பழைய கட்டுமானம் நிற்கும் வளாகத்திலோ மராமத்து தொடங்கினால் கல்லுக்குப் பணம் ஒதுக்குவார்கள், சுவருக்கு ஒதுக்குவார்கள். தரைக்கு ஒதுக்க மாட்டார்கள். "வேலை முடிந்ததும் புல் பதித்துத் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். புல் வந்துவிடும். ஆனால் அதன் அடியில் இறுகிப்போன மண்ணும், நசுங்கிய வேரும், உள்வாங்கிய பழைய குழியும் புல்லோடு சேர்ந்து சரியாவதில்லை.

இதைத் தடுக்கத் தரையில் விரிக்கும் பலகை, துணி, மரச்சில்லு போன்ற பொருட்களை ஒவ்வொரு இடமும் தனித்தனியாக வாங்கிவைக்க முடியாது. வருடத்தில் சில வாரம்தான் அவை தேவைப்படும். ஆகவே எல்லா உறுப்பு இடங்களும் முறைவைத்து எடுத்துப் பயன்படுத்த ஒரே பொதுத் தொகுப்பை உருவாக்க எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

அவசரம் ஏன் என்றால், மண் இறுகுவதில் பெரும்பங்கு வண்டி போகும் முதல் ஓரிரு நடையிலேயே நடந்துவிடுகிறது. பத்தாவது நடை சேர்க்கும் சேதம் முதல் நடையின் சேதத்தைவிட மிகக் குறைவு. "தடம் விழ ஆரம்பித்தால் பலகை போடலாம்" என்று காத்திருந்தால் போடவேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். வேலையாள் வருவதற்கு முன்பே பலகை கையில் இருக்க வேண்டும்.

எது அதிகம் அழுத்துகிறது என்பதில் பலருக்கும் கணக்கு தப்புகிறது. இரண்டு காலிலும் ஊன்றி நிற்கும் மனிதர் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 0.2 கிலோ அழுத்துகிறார். ஒன்றரை டன் மினி பொக்லைன், ரப்பர் பட்டைச் சக்கரத்தில் நேராகப் போகும்போது, 0.3 கிலோ அளவில் நிற்கிறது. மண் நிரப்பிய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோ 1.5 முதல் 2 கிலோ வரை அழுத்தும். எடையில் பெரும்பகுதி உள்ளங்கையளவு ரப்பரில் இறங்குகிறது. லோடு லாரியின் டயர் 7 கிலோவைத் தொடும். "மெஷின் வேண்டாம், கையால் செய்யலாம்" என்ற நல்லெண்ணத்தில் நூறு முறை ஒரே வழியில் ஓடும் தள்ளுவண்டிதான் பல இடங்களில் ஆழமான தடத்தை விட்டுப்போகிறது. அதற்காகப் பொக்லைன் சாதுவானது என்று நினைக்க வேண்டாம். நின்ற இடத்தில் திரும்பினால் பட்டை புல்லை வேரோடு உரித்துவிடும். பக்கெட் மண்ணைக் கவ்வும்போது எடை முழுவதும் ஒரு ஓரத்துக்குப் போய்விடும்.

தொகுப்பில் முதலில் வேண்டியது கெட்டி எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) பிளாஸ்டிக் பலகைகள். ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 12.7 மி.மீ. கனம், எடை சுமார் 35 கிலோ, இருவர் தூக்கலாம். குறுக்குவாட்டில் அடுக்கினால் 60 மீட்டர் பாதைக்கு 50 பலகை, கடைசியில் 4.8 மீட்டர் சதுரத் திருப்புமிடத்துக்கு 8, உடைந்தால் மாற்ற 6. ஆக 64. இணைப்புக் கொக்கிகள் உதிரியும் சேர்த்து 130. கொக்கி இல்லாமல் பலகையை வெறுமனே ஒட்டி வைத்தால் சக்கரம் ஒரு முனையில் ஏறும்போது மறுமுனை எழும்பி, இறங்கும்போது அந்த விளிம்பு மண்வெட்டி போல மண்ணில் இறங்கும்.

பிளைவுட் போதாதா என்று கேட்பார்கள். ஒரு வார வேலைக்குப் போதும். மழை பட்டால் ஓரம் உப்பி அடுக்கு பிரியும், மேற்பரப்பு வழுக்கும், இரண்டாவது இடத்துக்குப் போகும் முன் மூலைகள் போய்விடும். சுற்றுக்கு விடும் தொகுப்புக்கு அது ஒத்துவராது.

பிளாஸ்டிக்குக்கும் குறை உண்டு. வெயிலில் நீளும். காலைக்கும் பிற்பகலுக்கும் பலகையின் சூடு 30 டிகிரி கூடினால் 60 மீட்டர் வரிசை மொத்தமாக 25 செ.மீ. அளவு நீளக்கூடும். குளிர்ந்த காலையில் இடைவெளியே விடாமல் அடுக்கினால் மதியம் நடுவில் கூரை போல எழும்பி நிற்கும். அதனால் மூட்டுக்கு 5 மி.மீ. விட்டு, ஆட்டம் தரும் கொக்கிதான் போட வேண்டும். புல்லின் மேல் நேராக விரித்தால் சில நாளில் மஞ்சளாகும், கடும் வெயிலில் அதற்கு முன்பே வெந்துவிடும். அன்றைய வேலை முடிந்ததும் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவது நல்லது.

மரவேர் இருக்கும் பகுதியில் பலகை மட்டும் போதாது. உணவும் நீரும் உறிஞ்சும் வேரில் பெரும்பாலானது மேல் 60 செ.மீ.க்குள்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 5837, மரத்தின் தண்டு விட்டத்தைப் போல 12 மடங்கு தூரத்தை வேர்ப் பாதுகாப்பு ஆரமாகக் கொள்கிறது: 50 செ.மீ. தண்டுக்கு 6 மீட்டர். ஆள் நடக்க மட்டும் என்றால் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் மண்விரிப்புத் துணி, அதன் மேல் 100 மி.மீ. மரச்சில்லு, அதன் மேல் சாரப்பலகை. ஆள் கூடவே நடந்து இயக்கும் 2 டன்னுக்குட்பட்ட இயந்திரத்துக்கு 150 மி.மீ. சில்லு, அதன் மேல் இணைத்த பலகை. அதற்கு மேல் எடை என்றால் பொறியாளர் வரைந்து தர வேண்டும். ஊகத்தில் செய்யக் கூடாது.

இந்தப் பகுதிக்கு 25 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று கணக்கிட்டு, அமுங்குவதற்கும் சேர்த்து 13 கன மீட்டர் சில்லு கேட்கிறோம். 20 முதல் 50 மி.மீ. வரையான முரட்டுச் சில்லாக இருக்கட்டும். மரத்தூள் நனைந்தால் களிபோல் இறுகி, தடுக்கவேண்டிய காற்றடைப்பைத் தானே செய்யும். நோய் கண்ட மரமும் பெயின்ட் அடித்த மரமும் வேண்டாம். ஈரச்சில்லின் சாயம் வெளிர் பளிங்கில் கறையாக இறங்குவதால் நினைவுக்கற்களிலிருந்து 30 செ.மீ. தள்ளியே கொட்டுவோம். துணி, இழைகளை ஊசியால் குத்திப் பிணைத்த வகை, நெய்யாதது, தண்ணீர் விடுவது. 120 சதுர மீட்டர், ஒரு மாற்று விரிப்பும் சேர்த்து 240. தள்ளுவண்டிப் பாதைக்கு 3.9 மீட்டர் நீளம், 225 மி.மீ. அகலம், 38 மி.மீ. கனமுள்ள சாரப்பலகை 16. இரண்டிரண்டாகப் போட்டால் 31 மீட்டர் வரும். டீசல் சொட்டுத் தட்டு 2. எடை வைத்த தடுப்புக் கம்பங்கள் 40. தொல்லியல் மண்ணிலும் கல்லறை மேலும் முளையோ ஆணியோ அடிக்கக் கூடாது என்பதால்தான் எடை வைத்தவை.

நன்கொடை தருபவர்களிடம் ஒளிக்கக் கூடாத ஒன்று உண்டு: இந்தப் பலகை பாலம் அல்ல. 12.7 மி.மீ. பிளாஸ்டிக் வளையும்; தடம் விழாமல் தடுக்கும், அடியில் உள்ள வெற்றிடத்தைத் தாங்காது. செங்கல் வளைவுக் கூரை போட்ட நிலவறைக் கல்லறை மேலோ, பெட்டி மக்கி உள்ளீடற்றுப்போன குழி மேலோ பலகை விரித்துவிட்டோம் என்று இயந்திரத்தை ஏற்றினால் அது உள்ளே போகும். அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்க்கத் தரையூடுருவும் ராடார் உதவும். ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் கீழே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் பாதையை மாற்றுவதே எங்கள் விதி. எவ்வளவு நன்கொடை வந்தாலும் அது மாறாது.

பலகை இருந்தும் வேலையை நிறுத்தவேண்டிய நாள் உண்டு. பாதையோரம், தோண்டலாம் என்று அனுமதித்த இடத்தில், 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, உள்ளங்கையால் கண்ணாடியிலோ வழவழப்பான ஓட்டிலோ உருட்டிப் பார்க்க வேண்டும். 3 மி.மீ. கனத்துக்கு வருமுன் உதிர்ந்தால் தொடரலாம். உடையாமல் நூலாகத் திரிந்தால் களிமண் இளகிய நிலையில் இருக்கிறது; அன்று வண்டி ஓடக் கூடாது. இரவல் வாங்கும் எவரும் காலையில் இதைச் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

இரவலுக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. பலகைகளுக்கு எண் இருக்கும். உடைத்தவர் மாற்றித் தர வேண்டும். திருப்பும் முன், பயன்படுத்திய இடத்திலேயே கெட்டித் தரையில் வைத்துக் கழுவிக் காயவிட வேண்டும். பலகையில் ஒட்டிய மண்ணோடு களைவிதையும், வேரழுகல் உண்டாக்கும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியும் அடுத்த தோட்டத்துக்குப் பயணம் செய்யும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், கட்டை மேல் படுக்கையாகவே அடுக்க வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் வேலைதான் தொகுப்பின் ஆயுள்.

பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம். பணம் தருபவர் எதற்கென்று குறிப்பிட்டால் அதற்கே செலவாகும்: ஒரு பலகை, நான்கு கொக்கி, பத்து சதுர மீட்டர் துணி, எதுவானாலும் சரி. முதல் 30 பலகை சேர்ந்ததுமே இரவல் தொடங்கும். 36 மீட்டர் ஒற்றைப் பாதைக்கு அது போதும். கணக்கு விவரமும் ரசீதும் பொருளாளரிடம் கிடைக்கும். வரவு செலவு ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வாசிக்கப்படும்.

தயவுசெய்து ஜல்லி, செங்கல் உடைசல், பழைய கம்பளம், தார்ப்பாய் அனுப்ப வேண்டாம். ஜல்லி மண்ணுக்குள் புதைந்தால் பொறுக்கி எடுக்க முடியாது. உடைசலில் ஒட்டிய சிமென்டும் சுண்ணாம்பும் பழைய கல்லுக்கு உப்பைக் கடத்தும். கம்பளமும் தார்ப்பாயும் அடியில் புல்லை மூச்சுத் திணறவைக்கும்.

பொருளாகத் தருபவர்கள் லாரியை வாயிலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். உள்ளே விடுவதற்கு விரிக்கவேண்டிய பலகை இன்னும் நம்மிடம் இல்லை.

இப்படிக்கு,
தரைப் பாதுகாப்புத் தொகுப்புக் குழு