துடுப்பைத் திருப்பித் தந்த பரிசல்காரருக்கு நன்றி

சென்ற ஞாயிறன்று பவானி கூடுதுறைக்குக் கீழே என் கயாக் கவிழ்ந்தபோது, படகைப் பிடித்துக்கொண்டு கரையேறிய எனக்கு, காவிரியோடு போய்விட்ட துடுப்பை மறுபடி பார்ப்பேன் என்ற எண்ணமே இல்லை.

மறுநாள் காலையில் குமாரபாளையம் பக்கத்திலிருந்து பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் அழைத்தார். "தம்பி, உங்க துடுப்பு எங்ககிட்ட பத்திரமா இருக்குதுங்க" என்றார். துடுப்பில் வெட்டியிருந்த என் கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் 1 ஆ, 7 ஆ என்று தெரியாமல் முதலில் வேறு யாரையோ அழைத்துத் திட்டு வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகும் விடாமல் என்னைத் தேடிப் பிடித்ததற்காகவே இந்தப் பதிவு.

முன்பு மார்க்கரால் எழுதிய பெயர் வெயிலிலும் தண்ணீரிலும் சில மாதங்களில் மங்கிவிட்டதால், அம்மாவின் யோசனைப்படி துடுப்பைப் பாத்திரக் கடைக்கு எடுத்துச் சென்று, சீர்வரிசைக் குடத்தில் பெயர் வெட்டுவதைப் போலவே அதன் அலுமினியத் தண்டில் பெயரையும் கைபேசி எண்ணையும் புள்ளி புள்ளியாக வெட்டி வாங்கியிருந்தேன். (கடைக்காரர் "எந்தக் கல்யாணத்துக்குங்க?" என்று கேட்டது தனிக்கதை.) ஊர்ப் பெயரை வெட்ட இடமில்லை, எண் இருந்ததே போதுமானதாயிற்று.

தேநீருக்குக்கூடக் காசு வாங்க மறுத்த அந்தப் பெரியவர் தம் பெயரை எழுத வேண்டாமென்றார். ஐயா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. உயிர்காப்பு உடையின் உட்புறத்தில் இப்போது எண்ணைத் துணியில் எழுதும் மையால் எழுதிவிட்டேன். அதில் 7 இன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கிறேன்.